எறும்பின் சாதியும் மனிதர் சாதியும்: சபரகமுவ மாகாணத்தை நிலைக்களமாகக் கொண்ட ஓர் ஆராய்வு

மனிதர் தம் சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய காலந்தொட்டு எறும்பையும் தேனீயையும் கறையானையும் தமக்கு உவமையாகக் கொண்டு வந்துள்ளனர். சோம்பியிருப்பவனுக்கு எறும்பைக் காட்டுவர். சேமிப்பறியாதவனுக்குத் தேனீயைக் காட்டுவர். இவை தீங்கற்ற உவமைகள். தீங்குள்ள உவமை ஒன்றும் உண்டு. ‘எறும்பிலுங்கூடச் சாதி இருக்கிறது, அரசி அரசியாகவும் தொழிலாளி தொழிலாளியாகவும் பிறக்கின்றன, ஆகவே மனிதரிடையே சாதி இருப்பதும் இயற்கையே’ எனக் கற்றோர் வாயாலேயே சொல்லக் கேட்கின்றோம். உயிரியற் பாடத்தில் ‘சாதி’ என்ற சொல்லைப் படித்துவிட்டு வீடு செல்லும் மாணவன் அங்கும் அதே சொல்லைக் கேட்பானாயின், இரண்டும் ஒன்றென்றே கருதுவான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. சொல் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குச் சபரகமுவ மாகாணத்தை, அஃதாவது இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும், நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பூச்சியினங்களின் சாதியமைப்பை ஆராய்ந்தோர் வரலாற்றில் இரத்தினபுரிக்கு ஓர் இடமுண்டு. சிங்களக் கிராமத்தின் ஊழியச் சாதி முறையும், தமிழகத்திலிருந்து வந்தோர் கொணர்ந்த சாதி முறையும் ஒரே இறப்பர் மலையில் எதிரெதிரே நின்றதும் இம்மாகாணத்திலேதான்.

முதலிற் சொல்லை நோக்குவோம். தொல்காப்பிய மரபியலில் ‘சாதி’ என்னும் சொல் நீரில் வாழும் உயிர்களின் இனத்தைக் குறித்து வருகின்றது. மாஞ்சாதி, பறவைச்சாதி என நாம் இன்றும் சொல்வது இப்பழைய வழக்கின் எச்சமே. அதே மரபியல் கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர்களாக வகுக்கின்றது. அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்னும் நால்வர்க்கும் உரியவை இன்னின்ன என வரையறுப்பதும் அவ்வியலே. இந்நால்வகைப் பகுப்பைக் கூறும் நூற்பாக்கள் இடைச்செருகல் எனக் கருதும் அறிஞரும் உளர். அவ்விவாதம் எவ்வாறாயினும், ஓரியலுக்குள் எறும்பும் வருகின்றது, மனிதர் பகுப்பும் வருகின்றது. ஆயினும் ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுவும் முயற்சி அங்கே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எறும்புக்குக் குலம் வகுக்க வேண்டுமென்று பழந்தமிழ் இலக்கணகாரர்க்குத் தோன்றவில்லை.

அவ்வேலையைச் செய்தவர் மேனாட்டார். அவர்கள் வழங்கும் சொல் போர்த்துக்கேய மொழியின் ‘காஸ்தா’ என்பதிலிருந்து பிறந்தது. குலவழி, வித்துவழி என்பது அதன் பொருள்; விலங்கின் நல்லினத்துக்கும் மனிதரின் குடிவழிக்கும் அது பொதுவாக வழங்கிற்று. இந்தியக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர், இங்கே தந்தையின் தொழிலை மகன் செய்வதையும், தத்தம் குழுவுக்குள்ளேயே மணம் செய்வதையும் கண்டு, தம் மொழியில் அருகிற் கிடந்த அச்சொல்லை எடுத்து இட்டனர். கோவையில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் வெளியிட்ட மருந்து நூலில் அச்சொல் இப்பொருளில் வருகின்றது. (கோவை என்றது கோவாவை, பழைய நூல்களின் வழக்கு அது.) அடுத்த நூற்றாண்டில் அவர்கள் சபரகமுவைக்கும் வந்தனர். கேகாலைப் பகுதியின் மெனிக்கடவரையில் பாளையம் இறங்கினர். இரத்தினபுரியில் மகா சமன் தேவாலயத்தை இடித்துக் கோட்டை அமைத்தனர். வாளேந்திய போர்த்துக்கேய வீரன் ஒருவன் வீழ்ந்தவன்மீது நிற்பதாகச் செதுக்கிய கல்லொன்று இன்றும் அத்தேவாலயத்தில் உள்ளது. வாளோடு அவர்கள் கொணர்ந்த மற்றொரு கருவி ‘தோம்பு’ என்னும் நிலப்பதிவேடு. எக்கிராமத்தார் எவ்வூழியத்துக்குக் கடமைப்பட்டவர் என்று அது ஏட்டில் ஏற்றியது. 1681 இல் இறொபேட் நொக்ஸ் தம் நூலில், கண்டி நாட்டில் மனிதனின் தரம் அவன் செல்வத்தாலோ பதவியாலோ அமையாமல் பிறப்பாலேயே அமைகின்றது என எழுதியபோதும் இச்சொல்லையே ஆண்டார்.

இனி இச்சொல் எறும்புப் புற்றுக்குட் புகுந்த கதை. 1859 இல் சாள்ஸ் தார்வின் தம் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில், மலட்டுத் தொழிலாளி எறும்புகள் ஒரே கூட்டுக்குள் இரண்டு மூன்று வடிவினவாகப் பிரிந்திருப்பதைக் குறிக்க இச்சொல்லை வழங்கினார். அவருக்கு அது பெருந்தலையிடியாயிருந்த வினா. பிள்ளை பெறாத உயிர் தன் உறுப்பமைப்பை அடுத்த தலைமுறைக்கு எங்ஙனம் கொடுக்கும்? தம் கொள்கை முழுவதையுமே இது கவிழ்த்துவிடுமோ என முதலில் அஞ்சியதாக அவரே எழுதினார். இயற்கைத் தேர்வு தனி உயிரைப் போலவே குடும்பத்தையும் தெரிந்தெடுக்கும் என்பது அவர் கண்ட விடை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பிறப்பால் வரும் குலவழி என்று பொருள்படும் சொல், பிள்ளையே இல்லாத உயிர்க்கு இடப்பட்டது. சொல்லும் பொருளும் இதனினும் மாறுபட முடியுமோ, அறியேன். பின்னர் உயிரியலார் அச்சொல்லை நிலைநாட்டினர். பொதுமக்கள் அதை உயிரியலாரிடமிருந்து திருப்பி எடுத்து, ‘இயற்கையிலேயே உண்டு’ என்றனர். நம்மிடம் கடன் பெற்ற ஒருவனை நமக்கே பிணை நிற்கச் சொன்னது போன்றது இது.

மேனாட்டார் தம் அரசியலைக் கூட்டுக்குள் ஏற்றிக் காண்பது புதிதன்று. தேன்கூட்டின் தலைவன் ஓர் ஆண் அரசன் என்றே அவர்கள் பன்னெடுங் காலம் நம்பினர். அது பெண் என்பதை வலியுறுத்திச் சாள்ஸ் பட்லர் என்னும் ஆங்கிலேயர் 1609 இல் நூல் எழுதினார். அப்போதும் ‘அரசி’ என்ற பட்டம் போகவில்லை. உண்மையில் அவ்வரசி யாரையும் ஆள்வதில்லை. ஓயாமல் முட்டையிடுவது ஒன்றே அவள் தொழில்.

இரத்தினபுரிக்கு வருவோம். பிரெஞ்சு நாட்டு இயூஜீன் சிமோன் இலங்கையிற் சேகரித்த எறும்புகளுள் ஒன்றை இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி 1893 இல் விவரித்து, அனியூரெற்றஸ் சிமோனி எனப் பெயரிட்டார். அதன் உறவினம் பல ஐரோப்பாவின் பழைய அம்பர்ப் பிசினுக்குள் உயிர்ச்சுவடாக மட்டுமே கிடைத்தன. உயிருடன் எஞ்சியது இலங்கையின் இவ்வொன்றே. 1955 இல் எட்வேட் வில்சன் என்னும் இளம் அமெரிக்கர் இதைத் தேடி இலங்கைக்கு வந்தார். கண்டியில் தேடிக் காணாது இரத்தினபுரிக்கு வந்து, அங்கும் அதன் அண்மையிலுள்ள காடுகளிலும் கண்டெடுத்தார். உக்கிய சுள்ளிக்குள் சிறு குடும்பமாக வாழும் பொன்னிற எறும்பு அது. அதன் தொழிலாளிகளில் சிறியதும் பெரியதுமாக இரு வடிவங்கள் உள. பின்னர் இலங்கை ஆய்வாளர் கிலிமலைக் காட்டில் அதன் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்தனர். உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் செந்நூற் பட்டியலில் அது மிகவும் ஆபத்துக்குள்ளான இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இரத்தினக்கல்லுக்குப் பெயர் பெற்ற ஊரில் அதனினும் அரிய பொருளொன்று சருகுக்குள் இருப்பதை நம் மாணவருட் பலர் அறியார்.

அவ்விளைஞர் வில்சனே பிற்காலத்தில் எறும்புச் சாதிகள் பற்றிய ஆராய்ச்சியின் தலைமகன் ஆனார். 1975 இல் அவர் வெளியிட்ட ‘சமூக உயிரியல்’ என்னும் பெருநூல் எறும்பு முதலாகத் தொடங்கிக் கடைசி இயலில் மனிதருக்கு வந்து நின்றது. பெரும் பூசல் மூண்டது. அவர் பணிபுரிந்த ஹாவாட் பல்கலைக்கழகத்திலேயே லெவொன்ரின், கூல்ட் முதலியோர், ஏற்றத்தாழ்வை இயற்கையென நிறுவ இந்நூல் இடங்கொடுக்கும் எனக் கண்டித்தனர். ஆயினும் அதே இயலில் வில்சன் எழுதியதொன்று நம் வினாவுக்கு நேரே உரியது. இந்தியச் சாதிகள் ஈராயிரம் ஆண்டளவாக இருந்தும், குருதி வகையிலும் அளக்கக்கூடிய உடற்பண்புகளிலும் ஒன்றிலிருந்து ஒன்று மிகச் சிறிதளவே வேறுபடுகின்றன என்பது அவர் கூற்று. எறும்பின் சாதியை அவரைவிட நன்கறிந்தார் எவருமிலர். எறும்பைக் காட்டி மனிதச் சாதியை நிறுவ விரும்புவோர்க்கு அவரும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்.

அப்படியாயின் பூச்சியின் சாதி எதனால் அமைகின்றது? தேனீயை எடுத்துக்கொள்வோம். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் புழு எல்லாம் பெண். முதல் மூன்று நாளும் எல்லாப் புழுக்களுக்கும் தாதித் தேனீக்கள் தம் தலையிற் சுரக்கும் வெண்பாகையே ஊட்டுகின்றன. பின்னர் பெரும்பாலானவற்றுக்குத் தேனும் பூந்தாதும் கலந்த உணவு. அகன்ற தனியறையில் வளரும் சிலவற்றுக்கு மட்டும் பாகு இறுதிவரை தொடர்கின்றது. இச்சில அரசியாகும், ஏனையவை தொழிலாளியாகும். ஒரு தாய், ஒரே வித்து, வேறு வேறு ஊட்டம். 2008 இல் ஆத்திரேலிய ஆய்வாளர் புழுவின் உடலிலுள்ள ஒரு பரம்பரையலகின் செயலை அடக்கியபோது, தொழிலாளியாக வேண்டிய புழுக்களுட் பெரும்பாலானவை அரசியின் உருவோடு வெளிவந்தன. உணவு செய்யும் மாற்றம் எவ்வழியாக உடலிற் பதிகின்றது என்பதற்கு அது ஒரு துப்பு.

கறையானில் கதை இன்னும் சுவையானது. அதில் இலங்கைக்கும் பங்குண்டு. வளர்ப்பாலும் ஊட்டத்தாலுமே கறையானின் சாதி அமைகின்றதென இத்தாலியின் கிராசி 1893 இல் எழுதினார். அம்பலாங்கொடையில் தங்கி இந்நாட்டுக் கறையான்களை ஆராய்ந்த சுவிற்சர்லாந்து அறிஞர் புஞ்ஞியோன், சாதி முட்டையிலேயே விதிக்கப்பட்டுவிடுகின்றது என எதிர்வாதம் செய்தார். பிறப்பா, வளர்ப்பா என்னும் பெருவினா நம் கடலோரக் கிராமமொன்றின் தென்னங்கட்டையில் வைத்து விவாதிக்கப்பட்டது. பெரும்பாலான இனங்களைப் பொறுத்தமட்டில் பிற்கால ஆராய்ச்சி வளர்ப்பின் பக்கமே சாய்ந்துள்ளது. இலங்கைக் கறையானைப் பற்றி 1911 இல் நூல் எழுதிய ஜெர்மானியர் கார்ல் எஷெரிச்சின் கதை வேறு. அவர் ஹிற்லர் ஆட்சிக் காலத்தில் மியூனிச் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தார். அப்போது கறையான் அரசையும் மனித அரசையும் ஒப்பிட்டுச் சொற்பொழிவாற்றினார். புற்றைப் பார்த்து நாட்டை அமைக்க நினைத்த காலம் அது. அதன் விளைவை உலகம் அறியும்.

சபரகமுவைத் தோட்டக்காரர் நன்கறிந்த கறையான் ஒன்றுண்டு. தாழ்நாட்டுத் தேயிலைச் செடியின் உயிருள்ள தண்டைக் குடையும் கிளிப்டோடேமிஸ் இனம் அது. கவ்வாத்து வெட்டிய இடத்தில் காய்ந்துபோன கட்டை வழியாக உட்புகுந்து, வெளியே இலை பசுமையாக இருக்க உள்ளே கோறையாக்கிவிடும். இவ்வினத்தில் நிலையான தொழிலாளிச் சாதி என்று ஒன்றில்லை. வளர்ச்சி முற்றாத இளையவை வேலையைச் செய்கின்றன. அவற்றுள் எதுவும் தேவை நேரும்போது போர்வீரனாகலாம், சிறகு முளைத்து வெளியேறலாம், அரசனும் அரசியும் இறந்தால் அவ்விடத்தையும் ஏற்கலாம். உயிரியலார் இவற்றைப் ‘போலித் தொழிலாளர்’ என்பர். போலி என்ற அடை அவற்றுக்கு ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. வேலை உண்மையான வேலைதான்.

நம் தீவிலும் தென்னிந்தியாவிலும் வாழும் டயக்கம்மா என்னும் எறும்பில் அரசியே இல்லை. பிறக்கும் பெண் ஒவ்வொன்றின் மார்பிலும் மொட்டுப்போன்ற இரு சிற்றுறுப்புகள் இருக்கும். முட்டையிடும் உரிமை பெற்ற ஒன்று, புதிதாகப் பிறப்பவற்றின் அம்மொட்டுகளைக் கடித்தெறியும். கடிபட்டது ஆயுள் முழுதும் தொழிலாளி. இயற்கையிலே மனிதச் சாதிக்கு மிக நெருங்கிய ஒப்புமை வேண்டுமென்பார்க்கு இதைக் காட்டலாம். இங்கே தாழ்வு பிறப்பில் வரவில்லை, பிறந்த பின் இழைக்கப்படுகின்றது. வட அமெரிக்க அறுவடை எறும்புகள் சிலவற்றில் அரசியா தொழிலாளியா என்பது பரம்பரையலகாலேயே பெரிதும் முடிவாகின்றது என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஆனால் அங்கும் தொழிலாளியின் மகள் தொழிலாளி என்ற வழிவழி உரிமை இல்லை. தொழிலாளிக்கு மகளே இல்லையே.

ஆகவே வேறுபாடு இதுதான். புற்றில் உடல் வேறு, பிறப்பு ஒன்று. மனிதரில் பிறப்பு வேறெனச் சொல்லப்படுகின்றது, உடல் ஒன்று. இதை ஏட்டளவிற் சொல்லி நிறுத்த வேண்டியதில்லை. சபரகமுவை வரலாறு இதற்குச் சோதனைக் களமாக அமைந்துவிட்டது.

கண்டி இராச்சியத்தில் நிலமும் ஊழியமும் சாதியும் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. ‘இராசகாரிய’ முறையில், நிலத்தை அனுபவிப்பவன் அந்நிலத்துக்குரிய ஊழியத்தைச் செய்தல் வேண்டும். கொய்கம சாதியார் பயிர்த்தொழிலுக்கும், வகும்புர சாதியார் சர்க்கரை காய்ச்சுவதற்கும், பெரவா சாதியார் பறை முழக்குவதற்கும் உரியவர் எனப் பகுப்பு இருந்தது. வகும்புர, பத்கம ஆகிய சாதியார் இம்மாகாணத்திற் பெருந்தொகையினர். இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக இருந்த ஹோகார்ட், சாதியின் வேர் உற்பத்தித் தொழிலில் இல்லை, கோயிலிலும் அரண்மனையிலும் செய்யும் சடங்கு ஊழியத்திலேயே உள்ளது என்ற தம் கொள்கைக்கு இந்நாட்டு வழக்கங்களையே பெருஞ்சான்றாகக் கொண்டார். சமன் தேவாலயப் பெரகராவில் யார் விளக்கேந்துவது, யார் முழக்குவது என்ற ஒழுங்கைக் கண்டவர்க்கு அக்கொள்கை எளிதில் விளங்கும். கோல்புறூக் விதந்துரைத்தபடி 1832 இல் இராசகாரியம் நீக்கப்பட்டது. கோயில் நிலங்களில் ஊழியம் தொடர்ந்தது. ஆனால் ஊழியம் நீங்கிய இடத்திலும் சாதி நீங்கவில்லை. தொழிற் பிரிவே சாதிக்கு வேர் எனக் கொள்வோர்க்கு இது முதலாவது தடை.

இரண்டாவது தடையைத் தோட்டங்கள் தருகின்றன. கோப்பியும், 1869 இல் தொடங்கிய இலைநோயால் அது அழிந்த பின் தேயிலையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் இம்மலைகளை மூடின. 1912 இல் புகையிரதம் இரத்தினபுரியை எட்டியது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டி வந்தனர். வந்தோருட் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். வெள்ளாளர், கள்ளர், அகமுடையார், அம்பலகாரர், முத்துராசா முதலியோர் ‘குடியானவர்’ என ஒரு தொகுதியாயினர். தமிழகத்துக் கிராமத்தில் நிலமும் தொழிலும் இவர்களைப் பிரித்தன. தோட்டத்தில் யாருக்கும் நிலமில்லை. எல்லார்க்கும் ஒரே வேலை. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பெண்கள் கொழுந்துக்கும் ஆண்கள் கவ்வாத்துக்கும் முள்ளுக்குத்துக்கும் போயினர். இறப்பர் மலையில் இருபாலாரும் பால்வெட்டினர். பால்வெட்டும் கத்தி எக்குலத்தான் கையில் இருக்கின்றதென மரம் அறியாது. கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களில் அயற்கிராமத்துச் சிங்களவரும் வந்து அதே நிரையில் வெட்டினர். கொய்கம, வகும்புர, பத்கம, பள்ளர், பறையர், குடியானவர் அனைவரும் ஒரே தொழிலினர், ஒரே நிறையில் அளக்கப்படும் பால்.

தொழிற் பிரிவுதான் சாதியென்றால், ஒரு தலைமுறைக்குள் அது இங்கே மாண்டிருக்க வேண்டும். நடந்தது யாது? லயங்கள் சாதி வாரியாகப் பிரிக்கப்பட்டன. குடியானவர் லயம், பள்ளர் லயம், பறையர் லயம் எனப் பெயரும் பெற்றன. ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் அவன் உறவினரும் அவன் ஊராருமாயிருந்தமையால் துரைமார்க்கும் இது வசதியாயிற்று. பெரிய கங்காணி ஆளொன்றுக்கு நாள்வீதம் தலைக்காசு பெற்றான். மாரியம்மன் கோயிலின் முதல் மரியாதையும் அவனுக்கே. பெரிய கங்காணிமாருட் பலர் குடியானவர். அவன் கொடுத்த முற்பணமே தொழிலாளியின் கடன். அக்கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்னும் கடதாசியைப் பிறிதொரு தோட்டம் பணங்கொடுத்து வாங்கினாலன்றித் தொழிலாளி நகர முடியாது. 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நிலைத்தது. தொழில் சமமாயிருந்த நடுப்பகுதியை விட்டு இரு நுனிகளையும் பார்த்தால் சாதி தெளிவாகத் தெரியும். மேல் நுனியில் கங்காணி, கணக்கப்பிள்ளை. கீழ் நுனியில் மலகூடங்களைத் துப்புரவு செய்யும் வாசல்கூட்டி, சாவுக்குத் தப்படிப்பவர், வண்ணார், நாவிதர். ஜெயராமன் 1975 இல் வெளியிட்ட நூலிலும் ஹொல்லுப் 1994 இல் வெளியிட்ட நூலிலும் மலையகத் தோட்டங்களில் இவ்வமைப்பின் நீடிப்பும் தளர்வும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சாதி என்பது தொழிலைப் பங்கிடுவதன்று, தொழிலாளரையே பங்கிடுவது என 1936 இல் அம்பேத்கர் எழுதினார். அவர் தோட்டத்தைக் கண்டு எழுதவில்லை. கண்டிருந்தால் வேறு சான்று தேடியிருக்க மாட்டார்.

எறும்புக் கூட்டையும் தோட்டத்தையும் ஒப்பிட்டு இரண்டும் ஒழுங்குக்கு எடுத்துக்காட்டு எனச் சொல்வோர் ஒன்றை மறக்கின்றனர். கூட்டிலே கட்டளையிடுவார் எவருமிலர். எறும்பு தான் சந்திக்கும் எறும்புகளின் மணத்தையும் எண்ணிக்கையையும் கொண்டே தன் வேலையை மாற்றிக்கொள்கின்றது எனத் தெபோரா கோர்டன் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டினார். இன்று குப்பை சுமந்தது நாளை இரை தேடப் போகும். தோட்டத்திலோ புதிதாக வந்த சின்னத்துரைக்குத் தமிழ் கற்பிக்க வெளிவந்த கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பது. மேலும், கூட்டில் உழைக்கும் எறும்பு வளர்ப்பது தன் உடன்பிறப்பை. பால்வெட்டியவன் வளர்த்தது இலண்டன் பங்குதாரரை.

சட்டமும் பிறப்பையே பார்த்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இந்நாட்டிற் பிறந்தவனுங்கூடத் தன் தந்தை இங்கே பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. லயத்திற் பிறந்தவர்க்குப் பிறப்புச் சான்றிதழே அரிது. முப்பாட்டனின் சான்றுக்கு எங்கே போவது? கங்காணிக்கும் வாசல்கூட்டிக்கும் ஒரே முடிவு கிடைத்தது. அச்சட்டத்தின் முன் குடியானவனும் பள்ளனும் பறையனும் ஒரு சாதியாயினர், நாடற்றவர் என்னும் சாதி. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். மனிதத் தொகையை இவ்வாறு வகுத்த கணக்கு பள்ளிக் கணக்குப் புத்தகத்திலும் காணக் கிடையாது. 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தை, இரக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டபோதும் வந்தவர்கள் எந்த லயம் யாருடையது என்று பிரித்து நோக்கவில்லை. எஞ்சியோர் குடியுரிமை பெறுவதற்கான சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

புறத்தார் எல்லாரையும் ஒன்றாகவே கண்டனர். அகத்தே பிரிவு தொடர்ந்தது. எதனால் தொடர்ந்தது? தொழிலால் அன்று, உணவாலும் அன்று. ஒரே பீலித் தண்ணீரைக் குடிக்கவும் ஒரே கடையில் தேநீர் அருந்தவும் காலம் பழக்கிவிட்டது. தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒரே பாயில் அமர்ந்தனர். தோட்டப் பாடசாலையில் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்தனர். எஞ்சியது மணம் ஒன்றே. இதுவே மனிதச் சாதியின் அடிப்படை என்பதைப் பரம்பரையியலும் காட்டுகின்றது. இந்திய அறிஞர் தங்கராஜும் லால்ஜி சிங்கும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 4200 ஆண்டுக்கு முன்னிருந்து 1900 ஆண்டுக்கு முன்வரை இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் பெருமளவில் தம்முட் கலந்தனர். அதன் பின்னரே தத்தம் குழுவுக்குள் மட்டும் மணம் செய்யும் வழக்கம் இறுகிற்று. உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப்படும் குழுக்கள் யாவும் அக்கலப்பின் பிள்ளைகளே. தொடங்கிய காலத்தைச் சுட்டிக் கூறக்கூடிய ஒரு வழக்கத்தை இயற்கை என்று எப்படிச் சொல்வது? தொடங்குமுன் ஈராயிரம் ஆண்டு அது இல்லாமலே மக்கள் வாழ்ந்துள்ளனர்.

இன்றைய சபரகமுவையில் தோட்டத்து இளைஞர் பலர் கொழும்பிலும் அவிசாவளையிலும் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். வேறு நாடுகளுக்கும் போகின்றனர். அங்கே அவர்கள் தாமே தேடிச் செய்யும் மணங்களில் குடியானவர், பள்ளர், பறையர் என்ற கோடு அடிக்கடி தாண்டப்படுகின்றது. பெற்றோர் பேசிச் செய்யும் மணங்களிலோ பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சாதிப்பெயரை வாய்விட்டுக் கேட்பது இப்போது நாகரிகமில்லை எனக் கருதுகின்றனர். அதற்குப் பதிலாக, ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்று கேட்கின்றனர். விடையாக எட்டியாந்தோட்டை என்றோ தெரணியகலை என்றோ சொன்னால் போதாது; நான்கு தலைமுறைக்கு முன் விட்டுவந்த திருச்சிராப்பள்ளிக் கிராமத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.